நாற்பத்தோராம் பக்கத்தில் எழுந்து போனவள்

சென்ற மாதம் திருப்பதியில் நடந்த ஓர் ஆசிரியர் கூட்டத்தில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களை மேடையில் உட்கார வைத்து, சால்வை போர்த்தி, ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள் என்று காதோடு சொல்லி அனுப்பும் கூட்டம்தான். ஆனால் அன்றைக்கு நான் பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம். என் சிறுவர் நாவல் ஒன்றை இப்போது கைபேசியில் படிக்கும்படி ஒரு பதிப்பகம் செய்திருக்கிறது. அங்கே வேலை செய்யும் கிரண் என்ற இளைஞர், டீ இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். மலை மாதிரி ஏறி இறங்கும் கோடு.

“எந்தப் பக்கத்தில் எத்தனை பசங்க புத்தகத்தை மூடறாங்கன்னு இது காட்டும் மேடம். பாருங்க, நாற்பது வரைக்கும் நல்லாப் போகுது. நாற்பத்தொண்ணுல பொத்துன்னு விழுது. அந்தப் பக்கம் போர் அடிக்குதுன்னு நினைக்கிறோம். சுருக்கித் தர முடியுமா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தக் கோட்டை நான் இருபது வருடங்களுக்கு முன்பே பேனாவால் போட்டவள் என்று சொன்னால் நம்புவாரா? அதுவும் அதே இடத்தில்!

“மூடின பிறகு அந்தப் பிள்ளைங்க எங்கே போறாங்கன்னு இதுல தெரியுமா தம்பி?” என்று கேட்டேன்.

“அது தெரியாது மேடம்” என்றார்.

அந்தக் கேள்வி என்னுடையது அல்ல. எனக்குத் தலைமை ஆசிரியராக இருந்த வெங்கடேசுலு சாரிடமிருந்து எடுத்துக்கொண்டது. அவரைப் பற்றியும், அந்தப் பக்கத்தைப் பற்றியும், சுகுணா என்ற பெண்ணைப் பற்றியும் எழுதி வைக்கலாம் என்று அன்று பஸ்ஸில் சித்தூர் திரும்பும்போதே தோன்றிவிட்டது.

நான் பயிற்சி முடித்ததும் வேலைக்குச் சேர்ந்ததும் எல்லோரையும் போலத்தான். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஆந்திராவில் நகரிப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமம் ஒன்றில், எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள தமிழ் வழிப் பள்ளியில் போட்டார்கள். வெளியே பெயர்ப் பலகை தெலுங்கில், உள்ளே பாடம் தமிழில், பிள்ளைகளின் சண்டை இரண்டிலும். தமிழ்ப் பாடப் புத்தகம் எங்களுக்கு வந்து சேர்வதற்குள் பள்ளி திறந்து இரண்டு மாதம் ஓடியிருக்கும். அதுவரைக்கும் பிள்ளைகளுக்குப் படிக்க எதையாவது கொடுக்க வேண்டுமே! ஒரு நாற்பது பக்க நோட்டில் நானே கதை எழுதி வகுப்பில் படிக்கத் தொடங்கினேன். எழுத்தாளர் ஆகவேண்டும் என்ற ஆசையெல்லாம் கிடையாது. புத்தகம் நேரத்துக்கு வந்திருந்தால் நான் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன் என்பதுதான் உண்மை.

இரண்டு மூன்று கதைகள் சென்னைச் சிறுவர் பத்திரிகையில் வந்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் தலை வீங்கியது. எந்தக் கதை நன்றாக இருக்கிறது, எந்த இடத்தில் தொய்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வழியையும் கண்டுபிடித்தேன். பிள்ளைகளிடம் கேட்டால் எல்லாக் கதையும் சூப்பர் என்று சொல்லிவிடுவார்கள். டீச்சரிடம் வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் அலுப்புத் தட்டிய பிள்ளைக்கு ஒரு வழி உண்டு. விரலை நீட்டி, “டீச்சர், ஒண்ணுக்கு!” என்று எழுந்துவிடும். ஒன்று எழுந்தால் பின்னாலேயே நான்கு எழும். கதை சூடு பிடித்துவிட்டால் இரண்டு மணி நேரம் ஆனாலும் ஒருவருக்கும் வராது. இதை நான் பல வருடம் உற்றுப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே கதை படிக்கும்போது கையில் ஒரு சிவப்புப் பேனா வைத்துக்கொள்வேன். யாராவது அனுமதி கேட்டால் தலையை நிமிர்த்தாமல் “போய்ட்டு வா” என்பேன். அந்த வரிக்கு நேராக ஓரத்தில் ‘ஒ’ என்று ஒரு குறி போட்டு, பிள்ளையின் பெயரில் முதல் எழுத்தையும் பக்கத்தில் எழுதிவிடுவேன். வீட்டுக்கு வந்து குறி அதிகம் விழுந்த பத்திகளை வெட்டுவேன், மாற்றுவேன், மறுநாள் மறுபடியும் படிப்பேன். பத்திரிகை ஆசிரியை ஒருமுறை, “உங்கள் கதைகளில் வேண்டாத வரியே இல்லை” என்று கடிதம் எழுதியிருந்தார். அதற்குக் காரணம் என் பிள்ளைகளின் சிறுநீர்ப் பை என்று நான் பதில் எழுதவில்லை.

வெங்கடேசுலு சார் இந்த நேரத்தில்தான் எங்களுக்குத் தலைமை ஆசிரியராக வந்தார். தெலுங்குக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாது. அவரைப் போன்ற மேலதிகாரியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. யாருக்கும் இதைச் செய், அதைச் செய் என்று சொல்லமாட்டார். கேள்விதான் கேட்பார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். நாம் பதில் சொல்லும்வரை துடைத்துக்கொண்டே இருப்பார். எந்தக் கடிதமானாலும் பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, சம்பந்தப்பட்டவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் பேனாவில் எழுதுவார். தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கச் சொல்லி எழுதும் கடிதத்தைக்கூடப் பள்ளி ஆயம்மாவுக்குப் படித்துக் காட்டியவர் அவர்.

மதியம் சாப்பிடும்போது என் கதைகளைத் தெலுங்கில் சொல்லச் சொல்லிக் கேட்பார். முடிந்ததும் பாராட்டு எதுவும் வராது. “ஏமம்மா, அந்த ஆடு காணாம போறப்ப அவங்க அம்மா எக்கட இருந்தாங்க?” என்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆட்டைப் பற்றிய கதையில் அம்மா எங்கே இருந்தால் என்ன? இரவு எழுத உட்கார்ந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அடுத்த வரி வராது.

நான் எழுதிய முதல் நாவல்தான் கிரண் கைபேசியில் காட்டியது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக எழுதினேன். செல்வி என்று ஒரு பெண். கெட்டிக்காரி. அக்காவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுகிறார்கள். கடைசி நாள் அவள் தன் ஜாமெட்ரி பெட்டியைத் தோழிக்குக் கொடுத்துவிட்டு வகுப்பை விட்டு இறங்கிப் போகிறாள். பிறகு என்னென்னவோ நடந்து, கடைசியில் கலெக்டர் ஜீப்பில் வந்து அவளைத் திரும்பப் பள்ளியில் சேர்க்கிறார். எல்லையோர ஊர்களில் எத்தனையோ பெண்களுக்கு நடந்ததுதான். யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை.

வகுப்பில் தினம் ஒரு அத்தியாயம் படித்தேன். ஜாமெட்ரி பெட்டி வரும் இடத்தில் மூன்று ‘ஒ’ விழுந்தது. அதில் ஒன்று ‘சு’. சுகுணா. மூன்றாவது வரிசையில் ஜன்னல் ஓரம் உட்காரும் பெண். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வாள், ஆனால் கதை நேரத்தில் கன்னத்தில் கை வைத்தால் எடுக்கமாட்டாள். அவளே எழுந்து போகிறாள் என்றால் அத்தியாயம் சரியில்லை என்றுதானே அர்த்தம்?

திருத்தி எழுதினேன். பெட்டியைக் கொடுக்கும்போது மழை பெய்கிற மாதிரி வைத்தேன். மறுவாரம் படித்தபோது மற்ற இரண்டு பேரும் அசையவில்லை. சுகுணா விரலை நீட்டினாள். மறுபடியும் திருத்தினேன். இந்த முறை ஒரு நாய், பஸ்ஸைத் துரத்துகிற நாய். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சுகுணா எழுந்து போனாள். அதே வரி. ஒரு வரி முன்னால் இல்லை, ஒரு வரி பின்னால் இல்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. ஒரு பதிமூன்று வயதுப் பெண் என் அத்தியாயத்தை மூன்று முறை தோற்கடித்துவிட்டாளே!

மதியம் சாரிடம் நோட்டைக் காட்டிப் புலம்பினேன். அவர் அந்தச் சிவப்புக் குறிகளை விரலால் தடவிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“டீச்சரம்மா, எழுந்து போற பிள்ளை எக்கட போகுது?”

“எங்க போவாங்க சார்? ஒண்ணுக்குத்தான்.”

“நீங்க பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. ஆறேழு வருடமாகக் குறி போட்டுக்கொண்டு இருக்கிறேன், ஒரு பிள்ளையின் பின்னாலும் போய்ப் பார்த்ததில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாள் அதே அத்தியாயத்தை எடுத்தேன். அந்த வரி வந்தது. சுகுணா எழுந்தாள், போனாள். நான் நோட்டை முன்வரிசை லட்சுமியிடம் கொடுத்து, சத்தமாக மேலே படி என்று சொல்லிவிட்டு மெல்ல வெளியே வந்தேன். கழிப்பறைப் பக்கம் யாரும் இல்லை. கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனால், எங்கள் வகுப்பு ஜன்னலுக்குக் கீழே சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சுகுணா நின்றிருந்தாள். முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே லட்சுமி ரயில்வே ஸ்டேஷனில் அறிவிக்கிற குரலில் படித்துக்கொண்டிருந்தது வெளியே தெளிவாகக் கேட்டது.

என் நிழல் பட்டதும் கண்ணைத் திறந்தாள். பயப்படவில்லை. உதட்டில் விரலை வைத்து, என்னைப் பேசாதே என்று சைகை காட்டினாள்.

“இருங்க டீச்சர், பொட்டி குடுக்கற எடம் வருது.”

நானும் சுவரில் சாய்ந்து நின்றேன். என் கதையை நான் வெளியே நின்று கேட்டது அன்றுதான் முதல் தடவை. அத்தியாயம் முடிந்ததும் கேட்டேன்.

“இவ்வளவு ஆசையாக் கேக்கறவ ஏன்டி எழுந்து வர்றே?”

“அந்த எடம் வந்தா எல்லாரும் திரும்பி என்னியே பாக்கறாங்க டீச்சர். நீங்க நோட்டப் பாத்துக்கினு கீறீங்க. உங்களுக்குத் தெரியாது.”

“உன்னை எதுக்குப் பாக்கணும்?”

“பரிச்ச முடிஞ்சதும் என்னிய பலமனேருக்கு அனுப்பறாங்க. அக்காவுக்குக் கொழந்த பொறந்துகீது. பாத்துக்க ஆளு இல்ல. கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்.”

“எனக்குத் தெரியாதே!”

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். “தெரிஞ்சிதான எழுதனீங்க? எனுக்காக எழுதிக்கினு கீறீங்கன்னு நெனச்சிக்கினு கீறேன். கடைசீல இன்னா ஆவுது டீச்சர்? அவள திருப்பி ஸ்கூல்ல சேத்துக்குவாங்களா?”

“சேத்துக்குவாங்க. கலெக்டர் வந்து சேப்பாரு.”

சுகுணாவின் முகம் அப்படியே வாடிவிட்டது. “கலெக்டரா?” என்றாள். “அவுரு எதுக்கு டீச்சர் எங்க ஊட்டுக்கு வரப்போறாரு?”

எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளைகளின் முகத்தைப் படித்து எழுதுகிறவள் என்று மனதுக்குள் பெருமையாக இருந்தேன். முப்பது தலைகள் என் கண் முன்னால் ஒரே பக்கம் திரும்பியிருக்கின்றன, நான் ஓரத்தில் ‘ஒ’ போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. கதைக்கு வேண்டுமானால் நான் எப்போது வேண்டுமானாலும் முடிவு எழுதலாம். இந்தப் பெண்ணுக்கு இருந்தது அந்த மூன்று வாரம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாரும் நானும் சுகுணா வீட்டுக்குப் போனோம். நான் வழியெல்லாம் பெண் கல்வி பற்றி ஒரு பிரசங்கம் தயார் செய்துகொண்டு போனேன். வாசலில் கால் வைத்ததும் சார், “கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?” என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார். என் பிரசங்கம் தொண்டையிலேயே நின்றது.

சுகுணாவின் அப்பா முனிரத்தினம் கரும்பு வெட்டுக்குப் போகிறவர். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உட்காராமல் தூணைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

“எனுக்கு மட்டும் ஆசையா சார்? எட்டாவது வரிக்கும் இங்க படிச்சிது. ஒம்பதாவதுக்குத் தமிழ் ஸ்கூல்னா ரெண்டு பஸ் மாறணும், திரும்பி வர்றதுக்குள்ள இருட்டிடுது. பெரியவ அங்க கொழந்தைய வெச்சிக்கினு தனியா அவஸ்தப்பட்டுக்கினு கீறா. எங்க போனா இன்னா, ஒரு புள்ளைக்கு ஒரு புள்ள ஒத்தாச.”

நியாயமாகத்தான் இருந்தது. அவர் மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சார் கண்ணாடியைக் கழற்றினார்.

“பெரிய பிள்ளை என்ன வேலை பாக்குது?”

“தக்காளி மண்டீல சார். தரம் பிரிக்கற வேல.”

“எந்த டைம்லிருந்து எந்த டைம் வரைக்கும்?”

முனிரத்தினத்துக்குத் தெரியவில்லை. மனைவியைப் பார்த்தார். அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. உள்ளேயிருந்து சுகுணாவின் குரல் வந்தது.

“விடியக்காலைல போவும் சார். பத்து மணிக்கெல்லாம் ஊட்டுக்கு வந்துடும்.”

“ஆ தர்வாத்த?”

“அப்பறம் இன்னா, சோறு துன்னுட்டு கொழந்தையோட படுத்துக்கும்.”

சார் துடைத்தார். வலது கண்ணாடி, இடது கண்ணாடி, மறுபடியும் வலது.

“அப்போ பத்து மணிக்கு மேல குழந்தைய யார் பாக்கறாங்க?”

“அவங்கம்மாவே பாத்துக்குவா” என்றார் முனிரத்தினம்.

“சரே. பத்து மணிக்கு மேல நம்ம சுகுணா என்ன செய்யும்?”

அந்தக் கேள்வியை அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை என்பது எல்லோர் முகத்திலும் தெரிந்தது. முனிரத்தினம் தூணை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தார்.

சார் பையிலிருந்து ஒரு பழைய பரீட்சைத் தாளை எடுத்தார். பலமனேரில் உள்ள உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கு அங்கேயே உட்கார்ந்து பென்சிலால் ஒரு கடிதம் எழுதினார். இந்த மாணவி குடும்பச் சூழ்நிலையால் தினமும் முதல் பீரியட் முடிந்த பிறகுதான் வர முடியும், அதைப் பொறுத்து ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். தெலுங்கில் ஒருமுறை படித்தார். என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார். முனிரத்தினம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“சரியா இருக்குதா?” என்று சார் கேட்டார்.

“எல்லாம் சரிதான் சார்” என்றார். சிறிது நேரம் கழித்து, “படிப்புல கெட்டின்னு ஒரு வார்த்த சேத்துக்கோங்க சார். லேட்டா வர்ற புள்ளன்னு கொறச்சலா நெனச்சிடப் போறாங்க” என்றார்.

சார் அந்த வார்த்தையைச் சேர்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் தயார் செய்துகொண்டு போன பிரசங்கம் முழுவதிலும் அதற்கு ஈடாக ஒரு வரி இல்லை.

பரீட்சை முடிந்த அன்று மாற்றுச் சான்றிதழையும் பேனாவில் எழுதிய அந்தக் கடிதத்தையும் சார் அப்பாவிடம் கொடுக்கவில்லை, சுகுணாவின் கையிலேயே கொடுத்தார். அங்கே எல்லாப் பாடமும் தெலுங்கில். பேசுவது வேறு, பூகோளம் படிப்பது வேறு. முதல் வருடம் மிகவும் கஷ்டப்பட்டாள் என்று பிறகு தெரிந்தது. கணக்கில் ஒருமுறை தேறவில்லை. ஆனால் நிற்கவில்லை.

நான் கலெக்டரை ஜீப்போடு திருப்பி அனுப்பிவிட்டேன். மழையையும் நாயையும் எடுத்துவிட்டேன். நாவலின் கடைசி அத்தியாயத்தில் செல்வி வேறு ஊரில், வேறு பாஷைப் பள்ளியில், இரண்டாவது பீரியட் மணி அடிக்கும்போது வாசலில் வந்து நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கிறாள். அதோடு முடித்தேன். முதலில் எழுதியதை ஏற்கெனவே படித்திருந்த பத்திரிகை ஆசிரியை சென்னையிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, “இது முடிவே இல்லையேம்மா, கலெக்டர் வந்தது எவ்வளவு நன்றாக இருந்தது!” என்றார். அவர் சொல்லி நான் கேட்காதது அது ஒன்றுதான்.

புத்தகம் வந்த பிறகு பிள்ளைகள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் இருக்கும். செல்வி வராத முதல் பீரியடில் என்ன பாடம் நடக்கிறது? ஒரு சிறுமி தானே ஒரு கால அட்டவணை போட்டு அனுப்பியிருந்தாள். வாரம் முழுவதும் முதல் பீரியடில் விளையாட்டு. செல்விக்கு ஒன்றும் போகாது பாருங்கள் என்று கீழே எழுதியிருந்தாள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். பிறகு எத்தனையோ புத்தகங்கள் எழுதினேன். குறி போடும் பழக்கத்தை விட்டுவிட்டேன். படித்துக்கொண்டிருக்கும்போது அடிக்கடி நிமிர்ந்து பார்க்கப் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான்.

திருப்பதியிலிருந்து திரும்பிய மறுநாள் சுகுணாவுக்குப் போன் செய்தேன். இப்போது திருச்சானூரில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை. தெலுங்கு, தமிழ், இந்தி எல்லாம் அந்த மேசையில் ஓடும். கிரண் காட்டிய கோட்டைப் பற்றி, நாற்பத்தொன்றில் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிடுகிறார்களாம், சுருக்கச் சொல்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“எங்க ஊட்லியும் அதே எடத்துலதான் மூடுது டீச்சர்” என்றாள்.

“யாரு?”

“எம் பொண்ணு. ஆறாவது படிக்கறா. இங்கிலீசு ஸ்கூல்ல சேத்தும், தமிழ் மறக்கக்கூடாதுன்னு தெனம் சாயங்காலம் போன்ல உங்க கதைய சத்தமாப் படிக்கச் சொல்லுவேன். அது என் கதைன்னு அவளுக்குத் தெரியும். பொட்டி குடுக்கற எடம் வந்தா, படக்குனு போனை மூடிட்டு திரும்பி என் மூஞ்சியப் பாக்கறா. எத்தினி வாட்டி படிச்சாலும் அப்பிடித்தான்.”

“நீ என்ன பண்றே?”

“இன்னா பண்றது? தண்ணி புடிக்கணும்னு எழுந்து வெளிய போய்டுவேன். நான் போனாத்தான் மறுபடி தெறந்து படிக்கும். ஜன்னலாண்ட நின்னு கேட்டுக்குவேன் டீச்சர்.”

போனை வைத்துவிட்டு, கிரணுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டாம் என்று.